அமெச்சூர் என்றொரு கௌரவப் பட்டம்

ஒரு நாடகமோ பாட்டுக் கச்சேரியோ குறும்படமோ தேறவில்லை என்று சொல்ல நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: அமெச்சூர்த்தனம். நடித்தவருக்கு வசனம் படியவில்லை, பாடியவருக்குச் சுருதி நிற்கவில்லை, மேடை ஏற்பாடு அரைகுறை என்கிற எல்லாக் குறைகளும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். இதே சொல்லை 1952-இல் சென்னையில் ஒரு நாடகக் குழு தன் பெயரிலேயே பெருமையோடு வைத்துக்கொண்டது. ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் அது. இன்னும் அறுபது ஆண்டு பின்னால் போனால், படித்த குடும்பத்து இளைஞன் ஒருவன் மானம் போகாமல் மேடையேற இருந்த ஒரே வழி, தான் அமெச்சூர் என்று சொல்லிக்கொள்வதுதான். கௌரவப் பட்டமாக இருந்த சொல் வசைச்சொல்லாக மாறியதற்குக் காரணம், நடுவில் வந்தவர்கள் மோசமாக நடித்தார்கள் என்பதல்ல. அமெச்சூர் கலைஞரை ஏற்றியும் இறக்கியும் தமிழ்ச் சமூகம் சொன்ன தீர்ப்புகளில் பெரும்பங்கு அவருடைய கலையைப் பற்றியதே இல்லை. ஆடிப் பாடிக் காசு வாங்குவது கௌரவமா, கேவலமா என்று அந்தந்தக் காலம் நினைத்ததைப் பற்றியது. அந்தத் தராசைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. காசுக்கு ஆடாதவர் கையில் தொழில்முறைக் கலைஞருக்கு வாய்க்காத ஒரு விடுதலை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். இதற்கான சாட்சியம் சென்னை நாடக மேடையின் வரலாற்றிலேயே நிறைய இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் நாடகம் முழுக்கத் தொழில்காரர்கள் கையில் இருந்தது. தஞ்சையிலிருந்து கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி ஊர் ஊராகப் போய் ஆடியது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடிய ரயிலுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு பாய்ஸ் கம்பெனிகளின் காலம் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. கம்பெனி வீட்டில் தங்கி, வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பாடம் படித்து, இரவில் வேஷம் கட்டிய அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் நாற்பது, ஐம்பது ஆண்டுக் காலம் தமிழ் மேடைக்கும் திரைக்கும் பெரும்பாலான நடிகர்கள் கிடைத்தார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்ற பிரிவுகளும், ஆர்மோனியக்காரர் கட்டையைக் கூட்டிக் கொடுத்தால் எட்டுத் திக்கும் கேட்கப் பாடும் குரலும் அவர்களுடைய சொத்து. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசித் தரைவரை கேட்கப் பாடியவர்களின் தேர்ச்சியை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனாலும் அவர்களுக்குக் கூத்தாடி என்றுதான் பெயர். ரசிக்க அவர்கள் வேண்டும், வீட்டுத் திண்ணையில் உட்கார மட்டும் கூடாது. தேர்ச்சி எவ்வளவு இருந்தாலும் மரியாதை அதைத் தொடர்ந்து வரவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பம்மல் சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாள்களில் ஆங்கில நாடகங்களை விரும்பிப் படித்தாரே தவிர, தமிழ் நாடகம் என்றால் அவருக்கு வெறுப்பு. 1891-இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடியது. அதன் தலைவர் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல். கூட நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். அந்தக் காட்சிதான் அவர் மனத்தை மாற்றியதாகச் சம்பந்த முதலியாரே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆடப்பட்டது வேறு மொழி நாடகம் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ் நாடகத்தில் அவர் கண்ட குறைகள் எதற்கும் அது மருந்தாகியிருக்க முடியாது. ஆடியவர்கள் யார் என்பதே அவரை அசைத்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். ‘கம்பெனி’ என்ற சொல்லை ஒதுக்கி, நல்ல குணத்தையும் சபையையும் பெயரில் சேர்த்துக்கொண்டதிலேயே அவர்களுடைய கவலை தெரிகிறது. (பின்னாளில் தொழில்முறைக் குழுக்களும் பலகையில் சபா என்று போட்டுக்கொண்டன; ஜனங்கள் விடாமல் கம்பெனி என்றே அழைத்தார்கள்.) சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹால் அவர்களுடைய மேடையானது. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். சத்தியமூர்த்தி மேடையேறி நடித்தவரும்கூட. சம்பந்த முதலியார் வக்கீலாகி, பிறகு சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியானார். வேஷம் கட்டுவதை அதற்காக விட்டுவிடவில்லை.

ஆக, அமெச்சூர் மேடை நம்மிடையே பிறந்ததே ஒரு சமூக வேலிக்குள்தான். நாங்கள் கூத்தாடிகள் இல்லை, எங்களுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது என்று சொல்லும் வேலி. இதை மறைத்துச் சபையின் புகழை மட்டும் பாடுவது நியாயமில்லை. அதே சமயம், வேலி போட்டவர்கள் உள்ளே என்ன பயிரிட்டார்கள் என்று பார்க்காமல் போவதும் நியாயமில்லை. சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். பாட்டால் நடந்துகொண்டிருந்த மேடையில் உரைநடை வசனத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனது. வெனிஸ் நகர வணிகன் ‘வாணீபுர வணிகன்’ ஆனான். மக்பெத் ‘மகபதி’ ஆனான். கொட்டகை வாடகையையும் முப்பது பிள்ளைகளின் சாப்பாட்டையும் அன்றன்றைய வசூலில் பார்க்க வேண்டிய கம்பெனி முதலாளி இந்தப் பரீட்சையில் இறங்கியிருக்க மாட்டார். இறங்கச் சொல்வதும் அநியாயம். வள்ளி திருமணத்துக்கும் பவளக்கொடிக்கும் கூட்டம் நிச்சயம். அமலாதித்யனுக்கு யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? கூட்டம் வராவிட்டாலும் மறுநாள் கோர்ட்டுக்குப் போய் வழக்கு நடத்தலாம் என்கிற நிலையில் இருந்தவர்களால்தான் அதைச் செய்ய முடிந்தது. அமெச்சூரின் விடுதலை என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த விடுதலையில் விளைந்தது வேலிக்குள்ளேயே நின்றுவிடவும் இல்லை. சம்பந்த முதலியார் எழுதிய மனோகரன் கதையைச் சபை மேடையில் 1895 வாக்கில் ஆடத் தொடங்கினார்கள். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் உட்படத் தொழில்முறைக் குழுக்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. 1936-இல் அது திரைக்கு வந்தபோது சம்பந்த முதலியாரே அதில் நடித்தார். 1954-இல் கருணாநிதியின் வசனத்தோடு சிவாஜி கணேசன் சங்கிலியை இழுத்துக்கொண்டு தர்பாரில் நின்றதுதான் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும் மனோகரா. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த ஒரு நடிகர், அமெச்சூர் ஒருவர் எழுதிய பாத்திரத்தில் தம் புகழின் உச்சங்களில் ஒன்றைத் தொட்டார். சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த படமானது. திருச்சியில் ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர் நடத்திய ரசிக ரஞ்சனி சபாவில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். இலங்கைக்கும் இந்தச் சபையின் செல்வாக்கு போனது. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் ஈழத்தில் அமெச்சூர் நாடகத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். அமெச்சூரும் தொழில்காரரும் இரண்டு தனித் தீவுகள் என்று நினைப்பவர்கள் இந்தப் போக்குவரத்தைக் கவனிப்பதில்லை. ஒருவர் விதைத்ததை மற்றவர் பெருக்கினார். ஒருவர் கண்டுபிடித்த பையனை மற்றவர் நட்சத்திரமாக்கினார்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபணை எழுகிறது. அந்த விடுதலை யாருக்குக் கிடைத்தது, யார் செலவில் கிடைத்தது? சாதியும் படிப்பும் சம்பளமும் உள்ளவர்களுக்கே கிடைத்தது. பாலாமணி பெண்களைக் கொண்டே நாடகம் நடத்திக்காட்டிய பிறகும், கௌரவமான சபை பெண் வேஷத்துக்கு ஆண்களையே நம்பியிருந்தது. சபையின் நடிகர் ரங்கவடிவேலு பெண் வேஷத்தில் பெரும்புகழ் பெற்றார். மேடையேறும் பெண் கௌரவமானவளாக இருக்க முடியாது என்ற நம்பிக்கை அவர் கட்டிய புடவைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடனத்தில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் சுகுண விலாச சபையின் மாளவிகாக்னிமித்திர நாடகத்தில் வேஷம் கட்டியபோதுதான், இன்று பரதநாட்டியம் என்று அழைக்கப்படும் சதிராட்டத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டார். பிறகு மேலட்டூர் நடேச ஐயரிடம் கற்று, தாமே பெண் உடையில் ஆடிக்காட்டி, அந்தக் கலைக்கு ஒட்டிக்கொண்டிருந்த இழிவைத் துடைக்க முயன்றார். மியூசிக் அகாடமி மேடையில் 1931-இல் பரம்பரைச் சதிர்க் குடும்பத்துக் கல்யாணியின் மகள்களை ஆடவைத்ததில் அவர் பங்கு பெரிது. அவர் செய்தது கலைக்குச் செய்த மெய்யான சேவை. ஆனால் இழிவு துடைக்கப்பட்ட மேடையில் அடுத்த இருபது ஆண்டுகளில் நிரம்பியவர்கள் புதிய குடும்பத்துப் பெண்கள். தலைமுறை தலைமுறையாகச் சதிரைக் காப்பாற்றிய குடும்பங்களில் பாலசரஸ்வதி போன்ற வெகுசிலரைத் தவிர மற்றவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். காசு வாங்காமல் ஆடுபவருக்குக் கிடைத்த மரியாதை, காசுக்கு ஆடியவரின் வாசலிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனது.

இந்த ஆட்சேபணையை நான் முழுவதும் ஏற்கிறேன். என் கட்சியை இது உடைப்பதற்குப் பதிலாகத் தாங்கிப் பிடிக்கிறது. சபைக்காரர்களை அன்றைய சமூகம் உயர்த்திப் பிடித்தது அவர்கள் நன்றாக நடித்ததற்காக என்றால், அவர்களைவிட நன்றாகப் பாடிய ஆடிய பாலாமணிக்கும் கல்யாணியின் மகள்களுக்கும் அதே உயரம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. உயர்த்தியது கலையை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம். அப்படியானால் அந்த உயர்வைப் பார்த்து அமெச்சூரை மெச்சுவதும் பயனில்லை. பின்னாளில் வந்த தாழ்வைப் பார்த்து அவரை இகழ்வதும் பயனில்லை. கிருஷ்ண ஐயரை மதிக்க வேண்டியது, வக்கீலாக இருந்தும் ஆடினார் என்பதற்காக அல்ல. ஊர் முகம் சுளித்த ஒன்றைத் தன் உடம்பில் ஏற்றிக்காட்டத் துணிந்தார், பிறகு பரம்பரைக் கலைஞர்களையே அகாடமி மேடைக்கு அழைத்துவந்தார் என்பதற்காக. அவருக்குக் கற்றுக்கொடுத்த மேலட்டூர்க்காரரும் ஒரு வகையில் அமெச்சூர்தான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. தஞ்சை மாவட்டத்து மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா, வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களை ஊர் ஆண்களே இரவிரவாக ஆடும் வழிபாடு. ஆண்டு முழுவதும் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அந்த நாள்களுக்கு ஊர் திரும்பி வேஷம் கட்டுவது அங்கே வழக்கம். அங்கே யாரையும் பார்த்து நீ தொழில்முறைக் கலைஞனா என்று கேட்பதில்லை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போன பாபநாசம் சிவனின் பின்னால் நடந்தவர்களையும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அமெச்சூர் என்ற சொல் வருவதற்கு முன்பே அந்தக் காரியம் நம்மிடம் இருந்தது.

இன்னொரு ஆட்சேபணையும் உண்டு, முந்தையதைவிடக் கூர்மையானது. விடுதலை, விடுதலை என்கிறீர்களே, தேசமே விடுதலைக்காகப் போராடிய நாள்களில் மேடையிலிருந்து துணிந்து குரல் கொடுத்தவர்கள் யார்? எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ், சிவகாசிக்காரர், மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர், ஸ்பெஷல் நாடகங்களில் கூலிக்கு ஆடிய நடிகர். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளையர் ஆட்சியைச் சாடும் பாட்டுகளைப் பாடுவார், போலீஸ் மேடையேறி வரும், சிறைக்குப் போவார், வெளியே வந்து மறுபடியும் பாடுவார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது. அதே நகரத்தில், மாதச் சம்பளத்துக்குக் குறைவில்லாத கனவான்களின் சபைகள் என்ன செய்துகொண்டிருந்தன? சத்தியமூர்த்தி போன்ற விதிவிலக்குகளை விட்டுவிட்டால், பெரும்பாலும் புராணமும் காதலும் ஷேக்ஸ்பியரும்தான். பிழைப்புக்கு மேடையை நம்பியவர் பிழைப்பையே பணயம் வைத்தார். பிழைப்புக்கு மேடை வேண்டாதவர்கள், தங்கள் மெய்யான பிழைப்பான சர்க்கார் உத்தியோகத்தை நினைத்து அடங்கியிருந்தார்கள்.

இதற்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. சம்பளம் ஒரு கயிற்றை அவிழ்க்கும்போதே இன்னொரு கயிற்றைக் கட்டுகிறது. வசூலுக்குப் பயப்பட வேண்டாதவர் மேலதிகாரிக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே, காசு வாங்காதவர் என்பதனாலேயே ஒருவர் துணிந்தவர் ஆகிவிட மாட்டார். அவருக்குக் கிடைப்பது வாய்ப்பு மட்டும். துணிவை அவர்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். அண்ணாதுரை தொழில்முறை நடிகர் இல்லை. தம் கருத்தைச் சொல்ல நாடகம் எழுதினார், தாமே வேஷமும் கட்டினார். 1940-களின் நடுவில் அவர் எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் காகபட்டர், வி.சி. கணேசன் சிவாஜி. ஒருவர் கொள்கைக்காக மேடையேறியவர், மற்றவர் சிறுவயதிலிருந்தே மேடையில் வளர்ந்தவர். இருவரும் ஒரே காட்சியில் எதிரெதிரே நின்றார்கள். கணேசனுக்குப் பெரியார் சிவாஜி பட்டம் கொடுத்ததைச் சொல்பவர்கள், காகபட்டராக நின்ற அமெச்சூர் பின்னாளில் முதலமைச்சர் ஆனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொல் எப்போது கீழிறங்கியது என்பதற்கு வருவோம். சினிமா வந்ததும் காசின் நிறம் மாறியது. கூத்தாடி என்று ஏசப்பட்ட பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் கார் வைத்துக்கொண்டார்கள், பங்களா கட்டினார்கள், கட்சிகளின் மேடைகளில் தலைவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடிப்புக்குச் சம்பளம் வாங்குவது இழிவாக இருந்த காலம் போய், சம்பளம் வாங்க முடியாததே இழிவாகத் தெரியத் தொடங்கியது. இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் சென்னைச் சபாக்களில் அமெச்சூர் நாடகம் செழித்தது. ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடியவர்களின் காலம் அது. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. சோ தனியார் நிறுவனமொன்றில் சட்ட ஆலோசகர். ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் நடித்து அந்தப் பட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்ட சுந்தரராஜனும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மேடையேறியவர்தான். ஆனால் இவர்களுடைய வெற்றியே சொல்லின் பொருளை மாற்றிவிட்டது. நல்ல அமெச்சூர் சினிமாவுக்குப் போய்விடுவார் என்று ஆனபின், மேடையில் மிஞ்சியிருப்பவர் போக முடியாதவர் என்று ஜனங்கள் நினைக்கத் தொடங்கினார்கள். அமெச்சூர் மேடை ஒரு படிக்கட்டு ஆயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து யாருக்கு மதிப்பு வரும்? 1891-இல் காசு வாங்காதது குலப்பெருமையின் அடையாளம். 1971-இல் அதுவே திறமைக்குறைவின் அடையாளம். இரண்டிலும் பாட்டையோ நடிப்பையோ யாரும் காது கொடுத்துக் கேட்டு முடிவு செய்யவில்லை.

நான் சொல்லும் தராசை இந்தக் காலத்தின்மேல் வைத்துப் பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். 1968-இல் சோ ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை மேடையேற்றினார். புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த கட்சியையும் அரசியல்வாதிகள் எல்லோரையும் பெயர் சொல்லாமல் பெயர் சொன்னதுபோலக் கிண்டல் செய்த நாடகம். மேடையை நம்பிப் பிழைக்கும் குழு அதைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம். அமெச்சூரின் விடுதலையைச் சோ முழுதாகப் பயன்படுத்தினார் என்று அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாலசந்தர் மேடையில் நடுத்தரக் குடும்பத்தின் உள்வீட்டுப் பிரச்சினைகளைக் கொண்டுவந்தார். அவர் நாடகத்தில் பார்வையற்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி கதாநாயகனாக முடிந்தது. ஆனால் 1970-களிலும் 80-களிலும் சபா மேடை எங்கே போனது? நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்து நாடகம் என்று கொடுத்த துணுக்குத் தோரணங்கள் பெருகின. சிரிப்பைக் குறை சொல்லவில்லை. நல்ல சிரிப்பு எழுதுவது கடினமான கலை. எனினும், வசூலுக்குக் கட்டுப்படாத மேடை தானாகவே போய் வசூல் மேடையைவிட அதிகமாகக் கைதட்டலுக்குக் கட்டுப்பட்டது. தேர்ச்சிக்குறைவு எங்கும் இருந்தது, எப்போதும் இருந்தது. அதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. கையில் இருந்த விடுதலையைச் செலவழிக்காமல் பூட்டி வைத்ததுதான் அந்த மேடையின் மெய்யான தோல்வி. 1980-இல் கோமல் சுவாமிநாதன் ‘தண்ணீர் தண்ணீர்’ எழுதி, வறண்ட கிராமத்தின் கோபத்தைச் சபாக்காரர்கள் முன்னால் வைத்தபோது, அதே நாற்காலிகளில் அதே ரசிகர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ரசிகர்கள் சிரிப்பைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டார்கள் என்ற சாக்கு அத்தோடு அடிபட்டுப்போனது.

தொழில்முறைக் குழுக்களும் புதுமை செய்தனவே என்று கேட்கலாம். செய்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டினார்கள். முப்பது வயது கடந்த சண்முகம் கிழவியாக வேஷமிட்டு ‘ஔவையார்’ நடத்தி அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார். நவாப் ராஜமாணிக்கம் மேடையில் காட்டிய தந்திரக் காட்சிகளுக்கு ஈடு சபைக்காரர்களிடம் இல்லை. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, நவீன நாடகத்துக்கு முழுநேர நடிகர்கள் வேண்டும் என்று உணர்ந்து அந்தத் திசையில் போனது. இவையெல்லாம் தொழில்முறையின் பெருமை. கை தேர்வதற்குக் காலம் வேண்டும், காலத்துக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அமெச்சூர் தொழில்காரருக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஒருவர் செய்ய முடியாததை மற்றவர் செய்யலாம், ஆகவே ஒருவர் அளவுகோலால் மற்றவரை அளக்கக் கூடாது என்கிறேன். டிக்கெட் வாங்கியவன் எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஒத்திகை பார்க்காமல் மேடையேறுவது, வசனம் மறந்து முழிப்பது, ரசிகனின் இரண்டு மணி நேரத்தை மதிக்காதது ஆகியவற்றுக்கு அமெச்சூர் என்ற பெயர் மன்னிப்புச் சீட்டு ஆகாது. ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி’ என்று ஒரு நூலே எழுதியவர் சம்பந்த முதலியார். காசு வாங்காதவரே தேர்ச்சியைப் பற்றி அவ்வளவு அக்கறையாக எழுதினார் என்றால், பின்னால் வந்தவர்கள் எந்த முகத்தோடு சலுகை கேட்பது?

இன்று இந்தக் கேள்வி பாட்டு மேடைக்கு இடம் மாறியிருக்கிறது. 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் தொடங்கியதிலிருந்து, வீட்டில் பாடிக்கொண்டிருந்தவர்களை நடுவர்கள் முன் நிறுத்திச் சுருதிக்கு மார்க் போடும் வழக்கம் குடும்பங்களுக்குள் வந்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் கரோக்கி போட்டுப் பாடுகிற ஓய்வுபெற்ற வங்கி ஊழியரையும் அந்த மார்க்கால்தான் அளக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் எஸ்.பி.பி. மாதிரி இருந்தது, இல்லை என்ற இரண்டே தீர்ப்புகள். இது படிக்கட்டுப் பார்வையின் மிச்சம். இசைத்தட்டுகள் விற்காது, படத்தில் இடமில்லை என்ற கவலைகளெல்லாம் இல்லாத அவர், யாரும் இப்போது பாடாத பழைய நாடக மெட்டொன்றைத் தேடி எடுத்துப் பாடினாரா, தம் ஊர்க் கும்மியை மேடைக்குக் கொண்டுவந்தாரா, இல்லை வானொலியில் ஒரு மணிக்கொரு தரம் வரும் பாட்டை இன்னொரு தரம் நகல் எடுத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அவரிடம் கேட்க வேண்டியது அதுதான்.

சுகுண விலாச சபையைப் பற்றி இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், சம்பந்த முதலியார் சுதேசமித்திரனில் எழுதி ஆறு பாகங்களாக வெளிவந்த ‘நாடக மேடை நினைவுகள்’. ஒவ்வொரு நாடகமும் எப்படி எழுதப்பட்டது, யார் எந்த வேஷம், எங்கே சறுக்கியது என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவைத்தார். 1964-இல் அவர் மறைந்தார். அவரைப்போல எழுதிவைக்காத நூற்றுக்கணக்கான ஊர்ச் சபாக்கள், ரயில்வே காலனி நாடக மன்றங்கள், பள்ளி ஆசிரியர்களின் குழுக்கள், பஜனை கோஷ்டிகள் தடமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரண்மேல் தாத்தா கையால் எழுதிய நாடக நோட்டோ, பழுப்பேறிய நாடக நோட்டீஸோ, வேஷம் கட்டிய புகைப்படமோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புகைப்படத்தின் பின்பக்கம் ஊர், ஆண்டு, வேஷத்தின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.